கை நனைக்க வந்தவர்கள்

துருக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்று சவுரிராயனுக்கு வெகுநாள் தெரியாது. கடலுக்கு அந்தண்டை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை, வடமேற்கே, மயிலம் மலையையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று முதலாளி பாண்டுரங்கன் சொன்னபோது, "அப்ப நான் தெனைக்கும் துருக்கிக்கு முதுகக் காட்டிக்கினுதான் துருக்கிக்கார வேலைக்கு வர்றேன்னு சொல்லுங்க" என்றார். பாண்டுரங்கன் சிரித்தார். சவுரிராயன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கிற காலனியிலிருந்து பொம்மையார்பாளையத்துக்கு மொபெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடலுக்கு இறங்குகிற அந்தச் சந்து முழுக்க வாடகை ஸ்கூட்டர்களும், வெயிலில் சிவந்த வெள்ளைக்காரர்களும், சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பெங்களூர்க் கூட்டமும்தான். பீட்சா கடைக்கும் பச்சை குத்துகிற கடைக்கும் நடுவே 'லாலே' ஓட்டல். குனிந்து நுழைய வேண்டிய வாசல். உள்ளே பத்தே மேசை. பட்டப்பகலிலும் எரிகிற வண்ணக் கண்ணாடி விளக்குகள், சுவரில் மாட்டிய கம்பளங்கள், முதுகுக்கு மெத்தை, மூலையில் ரொட்டி அடுப்பின் இளஞ்சூடு. யார் உள்ளே வந்தாலும் முதலில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பாண்டுரங்கன் விழுப்புரத்துக்காரர். தோஹாவில் ஒரு துருக்கி ஓட்டலில் ஒன்பது வருஷம் அடுப்படியில் வெந்து, அந்த ஒன்பது வருஷத்தையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இந்தச் சந்தில் வைத்திருந்தார். கறி சுடுகிறவர் அனந்தபுரம். ரொட்டி போடுகிறவர் திண்டிவனம். லாலேயில் துருக்கிக்காரர் என்று ஒருவர்கூடக் கிடையாது. அந்தக் குறைக்குத்தான் சவுரிராயன்.

வாசலை ஒட்டி ஐஸ் வண்டி. அதன் பின்னால் சிவப்புக் குல்லாவும், ஜரிகை வைத்த கையில்லாச் சட்டையும், முறுக்கிவிட்ட மீசையுமாக நிற்பார். மீசை அவருடையது. மற்றதெல்லாம் ஓட்டலுடையது. எல்லோரும் அவரை உஸ்தா என்றார்கள், துருக்கி மொழியில் மாஸ்டர். கையில் நீளமான இரும்புக் கம்பி. அதன் தட்டை முனையில் ஐஸ்கிரீம் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். கவிழ்த்தாலும் விழாது. வாங்க வருகிறவர் கையை நீட்டுவார். இவர் கோனைக் கையில் வைப்பார். விரல் மூடுவதற்குள் கோன் கம்பியோடு திரும்பிப் போய்விடும். தலைக்கு மேல் தொங்கும் மணியில் ஒரு தட்டு. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மறுபடி நீட்டினால் கையில் வெறும் கோன் மட்டும் நிற்கும், ஐஸ் மேலே போயிருக்கும். மறுபடி மணி. மூன்று தடவை ஏமாற்றி நாலாவது தடவை கொடுத்துவிட வேண்டும் என்பது பாண்டுரங்கன் போட்ட சட்டம். "மூணுக்கு மேல போனா சிரிக்கிறவன் மூஞ்சி மாறிடும், சவுரி. நாலாவது குடுத்துடணும்."

சவுரிராயனுக்கு அது தெரியாமல் இல்லை. மூஞ்சி மாறுகிற அந்த இடத்துக்காகத்தான் அவர் நாள் முழுக்கக் காத்திருந்தார். எப்பேர்ப்பட்ட ஆளும் இரண்டாவது தடவை வரை சிரிப்பான். மூன்றாவதில் அவன் கண்ணில் ஒன்று வந்து போகும், தராமலே விட்டுவிடுவானோ என்று. விரல்கள் அவனுக்குத் தெரியாமலே முன்னால் ஓடும். குழந்தைகள் என்றால் உதடு பிதுங்கும். உதடு பிதுங்கியதும் கொடுத்துவிடலாம். அவர் இன்னும் ஒரு தடவை மணியைத் தட்டுவார். சிரிப்பதை வீட்டுக்குப் போகிற வழியில், மொபெட்டில், தனியாக வைத்துக்கொள்வார்.

வித்தை பலிக்காமல் போனது ஒரே ஒருவரிடம். கண் தெரியாத ஒரு பெரியவரை அவர் மகள் கூட்டி வந்திருந்தாள். அவர் நீட்டிய கை நீட்டிய இடத்திலேயே நின்றது. கோன் வந்ததும் போனதும் அவருக்குப் பொருட்டில்லை. கை துரத்தினால்தான் அது வித்தை. துரத்தாத கைக்கு முன்னால் கம்பியை ஆட்டுகிறவன் பைத்தியக்காரன் மாதிரி தெரிவான். சவுரிராயன் அவசரமாகக் கோனை அந்தக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

இந்த வேலை வந்ததற்குக் காரணமே அவர் விரல்தான். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் சைக்கிளில் ஐஸ் விற்றவர். காலையில் திண்டிவனத்தில் பெட்டியை நிரப்பிக்கொண்டு மயிலம் சுற்றுவட்டாரம் முழுக்கப் போவார். நிலக்கடலை பிடுங்குகிற மாதங்களில் பிள்ளைகள் காசுக்குப் பதிலாக டவுசர் பையிலிருந்து மல்லாட்டையை அள்ளிப் போடுவார்கள். காலனியில் பிள்ளைகள் பெட்டிக்குள்ளேயே கையை விடும். ஊர்த்தெருவில் அப்படி இல்லை. அங்கே பிள்ளைகளின் தாய்மார் வாசலில் நின்று பார்ப்பார்கள். குச்சியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, பிள்ளையின் விரல்மேல் தன் விரல் படாமல் விட வேண்டும். ஐஸும் விழக்கூடாது. ஆரம்பத்தில் ஒருமுறை பட்டுவிட்டது. ஒரு தாய் ஐஸைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்ட இழுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் படவில்லை. பின்னால் ஒரு கல்யாண வீட்டில் அவர் ஐஸ் கொடுப்பதைப் பார்த்த பாண்டுரங்கன், "உன் வெரலு நல்ல வெரலுப்பா" என்று கூட்டி வந்தார். எங்கே பழகிய விரல் என்று கேட்கவில்லை.

மகள் மெர்லினுக்கு முப்பத்தொரு வயது. திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற ஒரு லேபில் வேலை. மூன்று வரன் வந்து தட்டிப்போயிற்று. முதலாவது நிறத்துக்காக. இரண்டாவது காருக்காக. மூன்றாவது உஸ்தாவுக்காக. யாரோ எடுத்துப் போட்ட வீடியோவில் சவுரிராயன் குல்லாவோடு மணியடிப்பதை மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டு, "இத்தயா சம்பந்தின்னு நாலு பேருக்குக் காட்றது" என்று கேட்டுவிட்டாள். அந்த வீடியோவை மெர்லின் தன் போனில் வைத்திருந்தாள். அழிக்கவில்லை.

நாலாவது வரன் விழுப்புரத்துப் பிரான்சிஸ். ரயில்வேயில் குமாஸ்தா. கோயிலில் வரன் பதிகிற நோட்டைப் பார்த்து வந்தது. இரண்டு மாதமாக இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சின் நடுவே மகள் சிரிப்பதை அவள் அம்மா அமலா பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டு, அடுப்பில் எதையாவது கருக்குவாள். மெர்லின் இந்த முறை புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள், மயில்கழுத்து நிறத்தில்.

பிரான்சிஸின் அப்பா இருதயநாதன் திருவாமாத்தூர்ப் பக்கம் பிறந்தவர். தண்டவாள வேலையில் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். இரண்டு முறை பெண் வீட்டுக்கு வந்தார். இரண்டு முறையும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதில் தப்பில்லை. பேச்சு முடியும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை. ஒரு வாய் சோறு தின்றுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும்.

மூன்றாவது முறை இருதயநாதன் போனில் பேசினார்.

"பையன் அந்தத் துருக்கி ஓட்டல் சாப்பாடு சாப்புடணும்ன்றான். ஊட்ல வந்து சாப்ட்டா அது ஒரு மாரி ஆயிடும். நீங்கதான் அங்க மாஸ்டருன்னு சொல்றீங்களே, அங்கயே வச்சிக்கலாமே. வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம்."

சவுரிராயன் காதில் சாப்பாடு மட்டும்தான் விழுந்தது. போனை வைத்ததும் அமலாவிடம், "கை நனைக்க வர்றாங்க" என்றார். சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது. பங்குச் சாமியாரிடம் போய், கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தேதியும் கேட்டுவிட்டு வந்தார். கூட இருந்து கேட்ட மெர்லினுக்கு இன்னொரு சொல்லும் காதில் விழுந்திருந்தது.

"ஊட்ல சாப்ட்டா ஒரு மாரி ஆயிடும்னாரே, அது இன்னாப்பா."

"பெரிய மனுசன் கூச்சப்படறாரு."

"ஓட்டல்ல சாப்ட்டா அது கை நனைச்ச மாரியா."

"நான் வேல செய்ற எடம். நான் நின்னு நின்னு காலு வீங்கன எடம். என் ஊடு மாரிதான் அதுவும்."

"சரிப்பா. ஒன்னே ஒன்னு. அன்னிக்கு அந்தக் குல்லாவப் போட்டுக்காத. அந்த ஒரு நாளு."

"போட மாட்டேன்."

"மாதா மேல சொல்லு."

"மாதா மேல."

பாண்டுரங்கன் தாராளமாக லீவு கொடுத்தார். மூலை மேசையையும் ஒதுக்கிக் கொடுத்தார். "ஒரு நாளாவது உஸ்தா உக்காரட்டும்" என்றார். நாலு வருஷமாக வேலை பார்க்கிற ஓட்டலில் சவுரிராயன் அன்றுதான் முதல்முதலாக உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. அந்த மெத்தை இவ்வளவு உள்ளே அமுங்கும் என்று அவருக்குத் தெரியாது. எழுந்திருக்கக் கஷ்டப்படுகிற இருக்கை. பக்கத்தில் அமலா. அடுத்து மயில்கழுத்துப் புடவையில் மெர்லின்.

பன்னிரண்டரைக்குக் காரில் வந்து இறங்கினார்கள். இருதயநாதனும் பிரான்சிஸும் மட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றார்கள். அமலா கணவரின் காதோரம், "தாய்க்காரி இல்லாம எப்டி" என்றாள். "சும்மா இரு" என்றார் சவுரிராயன்.

பருப்பு சூப் வந்தது. இருதயநாதன் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார்.

"இது எங்க ஊட்டுப் பருப்புத் தண்ணிதான். எலுமிச்சம்பழம் புழிஞ்சதும் துருக்கிக்குப் போயிடுச்சா."

பிரான்சிஸ் சிரித்தான். மெர்லினும் சிரித்தாள். ரொட்டி தலையணை மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. மெர்லின் ஒரு பக்கம் விரலால் குத்த, உள்ளிருந்து ஆவி சீறியது. கையை உதறினாள். "சுட்டுச்சா" என்று பிரான்சிஸ் தன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் தள்ளினான். அமலா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சுட்டு மசித்த கத்தரிக்காய், கெட்டித் தயிர், கம்பியில் கோத்துச் சுட்ட கறி, சேமியா கலந்து வடித்த சோறு என்று ஒவ்வொன்றாக வந்தது. வண்ண விளக்கின் சிவப்பும் நீலமும் தட்டில் விழுந்து, எல்லாச் சாப்பாடும் யாரோ கனவில் பரிமாறியது போல இருந்தது. இருதயநாதன் ஸ்பூனை ஒதுக்கிவிட்டுத் தயிரை ஊற்றிக் கையால் பிசைந்தார். சவுரிராயன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து விரலும் நனைந்திருந்தன. மேசைக்கு அடியில் அமலா தன் காலால் அவர் காலை அழுத்தினாள்.

ஆனால் இருதயநாதன் வாயிலிருந்து ஒருமுறைகூடச் சம்பந்தி என்ற சொல் வரவில்லை. 'நீங்க' என்றார், 'இவரு' என்றார், அத்தோடு சரி. சவுரிராயன் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவுக்கு ரெண்டு கை எதுக்கு இருந்துச்சின்னு நெனைக்கிறீங்க" என்று கறியை மென்றுகொண்டே கேட்டார் இருதயநாதன். "ரெண்டையும் சேத்து ஏந்தறதுக்கு. கூழு, தண்ணி, கூலி, எல்லாம் மேலேர்ந்து உழும். இவுரு கீழ ஏந்திக்கினு நிப்பாரு. நான் டவுசர் போட்ட பையன், பக்கத்துல நின்னுக்கினு பாப்பேன். அன்னிக்கு முடிவு பண்ணேன். இந்தக் கை எவன் முன்னாடியும் நீண்டதில்ல. கோயில்ல நன்மை அப்பம் வாங்கறதுகூட நாக்குலதான். சாமியாரு கையில குடுக்கறேன்னாரு. வேணாம் சாமின்னுட்டேன்."

"ஆமாண்ணே" என்றார் சவுரிராயன்.

"நீங்க இன்னா மாஸ்டரு. கறியா, ரொட்டியா."

"ஐஸு."

இருதயநாதன் மெல்லுவதை நிறுத்தினார். "மயிலம் பக்கம் சைக்கிள்ள ஐஸ் வித்துக்கினு இருந்தது நீங்கதானா. எங்க ஊட்டம்மாவோட அண்ணன் சொல்வாரு. ஊர்த்தெருப் புள்ளைங்களுக்குக் கை படாம குச்சிய உடுவீங்களாமே. பாக்கறதுக்கே வித்த மாரி இருக்குமாம்." மகன் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா. தொடாதன்னு சொல்றவன் சொல்றான். அதுக்குன்னு ப்ராக்டீஸ் பண்ணி வச்சிருந்துருக்காரு மனுசன். எங்கப்பனாவது ஏந்துனான். இவரு சொகுசா மேலேர்ந்து போட்ருக்காரு, ஆனா அவங்களுக்கு. நல்லாருக்குதில்ல."

சொன்ன குரலில் கோபம் இல்லை. ரொட்டி நன்றாக வெந்திருக்கிறது என்று சொல்கிற குரல். பிரான்சிஸ் மெர்லினைப் பார்க்காமல் சிரித்துவைத்தான்.

"வயித்துப் பொழப்புதான மாமா" என்றாள் மெர்லின்.

"அத்தான்மா நானும் சொல்றேன். பொழப்பு."

சவுரிராயன் தட்டில் இருந்த எலும்பை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்த்தினார்.

பால் இல்லாத டீ சின்னக் கண்ணாடிக் குவளைகளில் வந்தபோது வாசலில் வேன் சத்தம் கேட்டது. பெங்களூரிலிருந்து இருபது பேர். உள்ளே எட்டிப் பார்த்து, "உஸ்தா எங்கே" என்று இங்கிலீஷில் கேட்டார்கள். பாண்டுரங்கன் மேசைக்கு வந்து குனிந்தார்.

"சவுரி, அஞ்சே நிமிசம். இவங்க அத்தப் பாக்கறதுக்குன்னே வந்துருக்காங்க. ஜல்தி முடிச்சிட்டு வந்து உக்காந்துக்கோ."

சவுரிராயன் மகளைப் பார்த்தார். மெர்லின் தலையை அசைத்தாள். மிகவும் லேசாக, வேறு யாருக்கும் தெரியாதபடி. அவர் 'இன்னிக்கு வேணாம் மொதலாளி' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"போங்க போங்க" என்றார் இருதயநாதன். "பொழப்பு. நாங்களும் வந்து பாக்கறோமே."

சவுரிராயன் மெத்தையிலிருந்து கையை ஊன்றி எழுந்தார்.

வேட்டிக்கு மேல் ஜரிகைச் சட்டை. அதற்கு மேல் குல்லா. குல்லாவைத் தலையில் அழுத்தியதும் முகத்திலிருந்து சவுரிராயன் இறங்கிப் போய்விடுவார். உஸ்தாவுக்கு மகள் கிடையாது, வரன் கிடையாது, எவன் மீதும் மரியாதை கிடையாது. கம்பியைப் பாத்திரத்துக்குள் விட்டு ஐஸைக் குத்தி இழுத்தார். அது ரப்பர் மாதிரி நீண்டு வந்தது. மணியை ஒரு இழுப்பு இழுத்தார். வேன் கூட்டம் போன்களைத் தூக்கியது.

அன்றைக்குப்போல அவர் என்றைக்கும் செய்ததில்லை. கூலிங்கிளாஸ் போட்ட ஒருவனை மூன்று தடவை சுற்றவிட்டார். ஒரு பெண்ணின் மூக்கில் ஐஸை ஒட்டி எடுத்தார். சிரிப்பு சந்துக்குள் எதிரொலித்துப் பச்சை குத்துகிற கடைக்காரனும் வெளியே வந்தான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் இருதயநாதன்தான். வயிறு நிறைந்திருந்தது, கடல் காற்று வீசியது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்தில் பிரான்சிஸ் போனில் எடுத்துக்கொண்டிருந்தான். அமலா வாசற்படியில் நின்றாள். மெர்லின் அவளுக்குப் பின்னால்.

பாண்டுரங்கனுக்கு உபசாரம் தலைக்கேறிவிட்டது. "அடுத்த ஐஸு சம்பந்திக்கு" என்று இருதயநாதனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். இருதயநாதன் அந்தச் சொல்லை மறுக்கவில்லை. அதைச் சவுரிராயன் கவனித்தார். நேராகக் கையில் வைத்துவிட்டுக் குல்லாவைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தார். அப்படி நினைத்தது உண்மை.

இருதயநாதன் வலது கையை நீட்டினார். எவன் முன்னாலும் நீண்டதில்லை என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்ன அதே கை.

"குடு உஸ்தா" என்றார், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி. "கை படாம குடு."

மணி அடித்தது. கோன் போய்த் திரும்பியது. கூட்டம் சிரித்தது, இருதயநாதனும் சிரித்தார். இரண்டு. வெறும் கோன் கையில் நின்றது, அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு. மூன்று. விரல்கள் முன்னால் ஓடின. வழக்கமான இடம் வந்தது. பாண்டுரங்கன் தலையை ஆட்டினார், கொடு என்று.

நாலாவதும் போயிற்று. ஐந்தாவதும் போயிற்று. யாரோ இங்கிலீஷில் எண்ண ஆரம்பித்தார்கள். இருதயநாதனின் வாய் இன்னும் சிரிப்பு வடிவத்திலேயே இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. கையை இழுத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம். இருபது பேர் பார்க்கும்போது வெறுங்கையோடு எப்படித் திரும்புவது. ஆறு. பிரான்சிஸ் போனைக் கீழே இறக்கினான். "அப்பா, வாங்கப்பா" என்றான். ஏழாவது தடவை கோன் தலைக்கு மேலே போனபோது இருதயநாதனின் இடது கையும் தானாக எழுந்தது. இரண்டு உள்ளங்கையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, லேசாகக் குழிந்து, மேலே பார்த்து நின்றன. யாரும் சொல்லித்தராமல் அந்தக் கைகளுக்கு அது தெரிந்திருந்தது.

சவுரிராயனுக்கு அது என்ன என்று தெரிந்தது. வேன் கூட்டத்துக்குத் தெரியாது. மேசையில் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கேட்ட, சூடு ஆறாத சேதி. கோனைத் தாழ்த்திக் கொண்டுவந்து, குழிந்த கைகளுக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினார். இருதயநாதன் அண்ணாந்து பார்த்தார். சவுரிராயன் இன்னும் ஒரு தடவை மணியைத் தட்டினார்.

அப்புறம்தான் போட்டார். மேலிருந்து, விரல் படாமல்.

இருதயநாதன் அதை எறியவில்லை. ஓரமாகப் போய் நின்று, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், கோனின் நுனி வரை தின்றார். கைக்குட்டையால் மீசையைத் துடைத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்து, கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பிறகு பாண்டுரங்கனைப் பார்த்து, "பில்லு எடுத்தாரச் சொல்லுங்க" என்றார்.

"இன்னாண்ணே நீங்க" என்று அமலா படியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். "நாங்க பாத்துக்கறோம். நீங்க போயி பில்லு... நிச்சயம் எப்ப வச்சிக்கலாம்னு நாளு மட்டும் சொல்லுங்க."

"நிச்சயமா? கையே நனைக்கலியேம்மா இன்னும்."

"இவ்ளோ நேரம் சாப்ட்டீங்களேண்ணே. தயிரு ஊத்திப் பெசஞ்சி சாப்ட்டீங்களே."

"ஓட்டல்ல சாப்ட்டேன். காசு குடுத்துச் சாப்ட்டேன். ஓட்டல்ல சாப்ட்டதெல்லாம் கை நனைச்சதுன்னா, விழுப்புரம் ஜங்சன்ல எனக்கு எத்தினி சம்பந்தி."

வேன் கூட்டத்தில் தமிழ் தெரிந்த யாரோ அதற்கும் சிரித்தார்கள். பில் வந்தது. இருதயநாதன் மூலை மேசையின் ஐந்து பேருக்கும் சேர்த்துப் பணத்தை வைத்தார். பாண்டுரங்கன் கூச்சத்தோடு அதை எடுத்துக்கொண்டார். போகிறபோது இருதயநாதன் மெர்லினின் தலையில் கை வைத்தார். "நீ நல்ல பொண்ணும்மா" என்றார். "ஒனக்கு நல்ல எடமா அமையும்." பிரான்சிஸ் காருக்குப் பக்கத்தில் குனிந்து, அவிழாத ஷூ லேசை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்ததும் நேராக வண்டிக்குள் ஏறினான். கார் சந்திலிருந்து பின்பக்கமாகவே போய் ரோட்டில் திரும்பியது.

சவுரிராயன் குல்லாவைக் கழற்றவில்லை. வண்டிக்கு முன்னால் இன்னும் பாதிப் பேர் நின்றார்கள். அவர் ஒருவருக்குக் கொடுத்தார், இன்னொருவருக்குக் கொடுத்தார். கம்பி தன்பாட்டில் போய் வந்தது. மூன்று ஏமாற்று, நாலாவது கொடுப்பது. சட்டப்படி.

அடுத்து நீண்ட கையில் கண்ணாடி வளையல்கள் இருந்தன. மயில்கழுத்துப் புடவை.

"எனக்கும் ஒன்னு குடுப்பா" என்றாள் மெர்லின்.

பின்னாலிருந்து அமலா, "வாடி" என்றாள். மெர்லின் திரும்பவில்லை. இவள் யார் என்று கூட்டத்துக்குத் தெரியாது. போன்கள் உயர்ந்தன. வாசலில் நின்ற பாண்டுரங்கனுக்குத் தெரியும். அவர் பில் பணத்தை ரப்பர் பேண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். சவுரிராயன் மகளின் முகத்தைப் பார்த்திருக்கலாம். கையைத்தான் பார்த்தார். அந்த வேலையில் கையைத்தான் பார்க்க வேண்டும். கோனில் ஐஸை வைத்து, கம்பி முனையில் ஒட்டி, நீட்டினார். உள்ளங்கையில் வைத்தார். எடுத்தார். மணியைத் தட்டினார்.

அவள் கை நகரவில்லை.

மறுபடி வைத்தார், எடுத்தார். நீட்டிய கை நீட்டிய இடத்திலேயே இருந்தது. ரொட்டி ஆவி பட்ட விரல் நுனி மட்டும் சிவந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் போனைத் தாழ்த்திப் பாக்கெட்டில் போட்டான். மூன்றாவது தடவை மணியைத் தட்டக் கை போனது, தட்டாமல் வந்தது. கோனை அவள் உள்ளங்கையில் நிறுத்தி, இந்த முறை விரல் படவே வைத்து, கம்பியை உருவிக்கொண்டார்.

அவள் விரல்களை மூடவில்லை. கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையிலிருந்து உருண்டு, அவர் வேட்டியின் கரையில் பட்டுக் கீழே விழுந்தது. எவ்வளவு கவிழ்த்தாலும் விழாத ஐஸ் மண்ணில் கோனுக்கு வெளியே கிடந்தது.

"அப்டியே மொபெட்லயே வந்துடுப்பா" என்றாள். "நானும் அம்மாவும் பஸ்ல போறோம்."

இருவரும் ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். பாண்டுரங்கன் ஒரு துணியைக் கொண்டுவந்து கீழே போட்டு, கால் கட்டைவிரலால் ஐஸைத் துடைத்து ஓரம் கட்டினார். "நெக்ஸ்ட்" என்றார்.

அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை இறங்கி வந்து, எக்கி நின்று கையை நீட்டியது. சவுரிராயன் மணியைத் தட்டினார். அந்தக் கை நன்றாக ஓடியது.